கொம்புக்குக் குழாய் மாட்டுகிறவர்

எங்கள் கடைக்கு வருகிற மான்களுக்கு நான் பயப்படுவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். பஸ் பிந்தினால் பயம். தொலைபேசி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது சண்டையில் இடம்பெயர்ந்தோம்; பள்ளிக்கூடம் அத்தோடு நின்றுவிட்டது. படித்ததில் பாதி மறந்துவிட்டது. பயந்தது ஒன்றும் மறக்கவில்லை.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கோட்டைக்குள்ளால் கோயிலுக்கு ஏறுகிற வழியில் அருச்சனைத் தட்டு விற்கிற கடைகளில் ஒன்று. தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பூ, கற்பூரம். முதலாளி ஒரு அக்கா. சொந்த அக்கா இல்லை. ஆனால் சொந்த அக்காவைப் போலத்தான் ஏசுவா. தட்டு அடுக்குவதைவிட மான் கலைப்பதுதான் எங்களுக்கு அதிக வேலை. திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது. பின்னால் வந்து முகர்ந்து, ஒரு பழத்தை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று, நம்மையே பார்த்துக்கொண்டு தின்னும்.

நான் இங்கே மான் கலைத்துக்கொண்டிருந்த வருடங்களில் என் வீட்டுக்காரர் வளைகுடாப் பாலைவனத்தில் ஆபிரிக்க விலங்குகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். வெல்டிங் வேலைக்கென்று போனவர். ஒரு பெரிய பண்ணைக்கு வேலி அடிக்க அனுப்பினார்கள். வேலி முடிந்தது, கூடப் போன எல்லாரும் வேறு வேலைக்குப் போனார்கள், இவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். மகள் கலியாணம் முடித்து சாம்பல்தீவுக்குப் போன பிறகு வீட்டில் நான் தனி.

ஆபிரிக்க விலங்குக்கு அரபு நாட்டில் என்ன வேலை என்று நானும் கேட்டேன். இவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன். சகாராப் பாலைவனத்தின் விளிம்பில், மணலும் புல்லும் சேருகிற இடங்களில் இவை ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தவை. இறைச்சிக்கும் தோலுக்கும் கொம்புக்கும் சுட்டார்கள். வாகனங்கள் வந்த பிறகு துரத்தித் துரத்திச் சுட்டார்கள். சண்டையும் வறட்சியும் சேர்ந்துகொண்டன. கடைசியில் ஒறிக்ஸ் என்கிற விலங்கு வெளியில் ஒன்றுகூட இல்லை என்று ஆகிவிட்டது. மிஞ்சியவை மிருகக்காட்சிச் சாலைகளிலும் பணக்காரர்களின் தோட்டங்களிலும் வேலிக்குள் நின்றவைதான். அவற்றைச் சேர்த்து, பெருக வைத்து, சாட் என்கிற நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோய் மறுபடியும் வெளியே விடுகிறார்கள். அந்த வேலையில் இவருக்கும் ஒரு பங்கு.

எனக்கு அந்தக் கதையில் ஒரு இடம்தான் முக்கியமாகப் பட்டது. விமானத்தில் கொண்டுபோவது. ஏனென்றால் இவர் சொல்லியிருந்தார்:

"இந்தக் கூட்டம் விமானம் ஏறினாப் பிறகு நான் வந்திடுவன். இனிமேல் போறேல்லை."

அன்றைக்கிருந்து அந்த விலங்குகள் சுகமாக இருக்கவேண்டும் என்று நான் கும்பிடத் தொடங்கினேன்.

மத்தியானம் கோயில் நடை சாத்தின பிறகு வழியில் ஆள் நடமாட்டம் இருக்காது. மான்களும் மர நிழலில் படுத்துவிடும். அந்த நேரம்தான் இவர் கதைப்பார். அங்கேயும் வெயிலுக்கு எல்லாம் படுத்திருக்கும். தன் முகத்தைக் காட்டமாட்டார்; தொலைபேசியைத் திருப்பி அவற்றைத்தான் காட்டுவார். முகத்தைக் காட்டச் சொன்னால், "என்ர முகத்தில என்ன கிடக்கு, இதைப் பார்" என்பார். பார்த்துப் பார்த்தே எனக்கு அடையாளம் பிடிபட்டுவிட்டது.

ஒறிக்ஸ் வெள்ளை. ஆனால் கழுத்திலும் நெஞ்சிலும் செங்கல் தூளைக் கரைத்து ஊற்றினது போல ஒரு சிவப்பு. முகத்தில் கண்ணுக்கு மேலால் ஒரு மண்ணிறக் கோடு இறங்கும். கொம்பு அரிவாள் போல, ஆனால் மெல்லிசாக, முதுகுப் பக்கம் வளைந்து போகும். அதே வெள்ளையில், கொம்பு ஈட்டி போல நேராகவும் கால்கள் கறுப்பாகவும் கொஞ்சம் சின்னதாகவும் ஒன்று இருக்கிறது. அது ஆபிரிக்காவுடையது இல்லை, அரபு நாட்டின் சொந்த ஒறிக்ஸ். அடக்ஸ் இன்னொரு சாதி. அதன் கொம்பு கப்பல் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போகும். நெற்றியில் ஒரு கற்றைக் கபில முடி, மூக்குக்குக் குறுக்கே வெள்ளைப் பட்டை. குளிர் காலத்தில் சாம்பல் பூசினது போல இருக்கும், வெயில் காலம் வந்தால் வெளுத்துவிடும். குளம்பு அகலம், மணலில் புதையாமல் நடக்கத்தான் அப்படி. ஆனால் அந்தக் குளம்பை வைத்துக்கொண்டு வேகமாக ஓட ஏலாது. வாகனத்தில் துவக்கோடு வந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

கடை அக்காவுக்கு இதெல்லாம் பகிடி.

"உன்ர மனுசன் அங்க மாடு மேய்க்கிறாராம், உண்மையே?"

"மாடு இல்லை அக்கா."

"அப்ப மானோ?"

"மான் மாதிரித்தான். ஆனா மாடளவு பெரிசு."

"ரெண்டுக்கும் பிறந்ததாக்கும்," என்றா. "கடல் தாண்டிப் போய் மான் பாக்கிறார். இஞ்ச வந்து என்ர வாழைப்பழத்துக்குக் காவல் நிண்டாலும் புண்ணியம்."

இந்தச் சாதியைப் பத்திரிகைகளில் மறிமான் என்று எழுதுகிறார்கள். அக்காவுக்கு அதைச் சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்லுவா என்று நான் சொல்லவில்லை.

விமானத்துக்கு ஆயத்தம் தொடங்கியபோது எனக்கு நித்திரை கெட்டது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் ஏற்றவேண்டும். முதலில் கொம்பின் நுனிகளில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டி ஒட்டுநாடா சுற்றுவார்கள். பெட்டிக்குள் தலையை ஆட்டினால் கொம்பு முறியக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவரின் வயிற்றையும் கிழிக்கக் கூடாது. அந்தக் குழாய் மாட்டுகிற வேலை இவருக்கு. நாலு பேர் பிடிக்க இவர் மாட்டுவார்.

"அது குத்தினா?"

"குத்தாமல் இருக்கத்தானே குழாய்."

"மாட்ட முதல் குத்தினா?"

"அப்ப உனக்கு முதல் அறிவிப்பினம்," என்று சிரித்தார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒருநாள், பயந்த குரலில் கதைத்தார். ஒரு பெண் ஒறிக்ஸ் வெருண்டு ஓடி வேலியில் மோதி, ஒரு கொம்பு அடியோடு முறிந்துவிட்டதாம். இவர் கையிலிருந்து புல் வாங்கித் தின்கிற ஒன்று. "கொம்பு முறிஞ்சதை அனுப்ப மாட்டினமாம். வேற ஆக்களை அது கிட்ட விடவும் மாட்டுது. நான் அதோட நிக்கவேண்டி வருமோ தெரியேல்லை..." என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்ப எடுத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கொஞ்சம் யோசித்ததும் ஆறுதல் வந்தது. கொம்புதானே? எங்கள் கண்ணுக்கு முன்னால் வருடா வருடம் மான்களுக்குக் கொம்பு விழுகிறது. கோட்டைக்குள் புல்லில் கிடக்கும், எடுத்துப் பார்த்திருக்கிறோம். பிறகு தோல் போர்த்தின மொட்டுப் போல முளைத்து, தோல் உரிந்து, முன்னைவிடப் பெரிதாக வளரும். அப்படியென்றால் அந்த ஒறிக்ஸுக்கும் முளைக்கும். விமானத்துக்கு முதல் முளைக்கவேண்டும், அவ்வளவுதான் விசயம். நடை திறந்ததும் ஒரு அருச்சனை செய்வோம் என்று அக்காவிடம் நல்ல தட்டாக ஒன்று கேட்டேன்.

"ஆருக்கு?"

சொன்னேன். அக்கா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"ஐயர் பேரும் நட்சத்திரமும் கேப்பார். ஒறிக்ஸுக்கு என்ன நட்சத்திரம்?"

நான் அதை யோசிக்கவேயில்லை.

"உன்ர மனுசன்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லு," என்றா. "ரெண்டும் ஒரே வேலிக்குள்ளதானே நிக்குதுகள்."

அப்படியே செய்தேன். ஐயர் இவருடைய பெயரைச் சொல்லிப் பூப் போடும்போது நான் மனதுக்குள், கொம்பு, கொம்பு, என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

அடுத்த முறை கதைத்ததும் முதல் கேள்வி அதுதான்.

"முளைச்சிட்டுதோ?"

"என்ன?"

"கொம்பு."

"ஆர் உனக்குச் சொன்னது முளைக்குமெண்டு?"

"இஞ்ச முளைக்குதே வருசா வருசம். அருச்சனையும் செய்தனான்."

"ஆர்ர பேருக்கு?"

"உங்கட பேருக்கு."

"அப்ப எனக்குத்தான் முளைக்கப் போகுது," என்றவர் அடக்க ஏலாமல் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அரபியில் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவரே மெதுவாக விளங்கப்படுத்தினார். மானின் கொம்பு வெறும் எலும்பு; ஆண் மானுக்கு மட்டும் வரும், கிளை விடும், விழும், முளைக்கும். ஒறிக்ஸ், அடக்ஸ் போன்றவற்றுக்கு உள்ளே எலும்பு, மேலே நம் நகத்தைப் போன்ற ஒரு உறை. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கிளை விடாது. குட்டியில் தொடங்கிச் சாகும்வரை அதே கொம்புதான்.

"முறிஞ்சா?"

"முறிஞ்சா முறிஞ்சதுதான்."

அதைக் கேட்டதும் அவர் வருவாரோ மாட்டாரோ என்பதைக்கூட ஒரு நிமிடம் மறந்து, அந்தப் பெண்ணை நினைத்தேன்.

நல்லகாலம், அது கூட வேலை செய்த ஒரு நேபாளக்காரரின் கையிலும் வாங்கித் தின்னப் பழகியது. அதை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மற்றவை போயின. பெட்டிகள் விமானத்துக்குள் ஏறுவதை இவர் அனுப்பிய காணொளியில் பார்த்தேன். ஒரு பெட்டியின் காற்றுத் துவாரத்தில் மூக்கு நுனி ஒன்று தெரிந்தது. கொஞ்ச நாளில் இவரும் விமானம் ஏறினார்.

வந்தார். மெலிந்து, கறுத்து, காதோரம் நரைத்து, கொழும்பு பஸ்ஸில் இருந்து இறங்கினார். இனிப் போவதில்லை என்றார். மகள் வந்தாள், நண்டு வாங்கிக் காய்ச்சினோம், அயலட்டைச் சனம் வந்து போனது. நான் அவர் நித்திரை கொள்ளும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயப்பட வேறு ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். விடிய எழும்பி முற்றத்தில் போய் நிற்பார். என்ன செய்வதென்று தெரியாத கைகள். பைப்பைத் திறந்து வாளி நிரப்புவார், ஊற்ற இடமில்லாமல் பூமரத்துக்கு ஊற்றுவார். "என்ன யோசினை?" என்றால், "ஒண்டுமில்லை, அங்க இப்ப புல்லு லொறி வாற நேரம்" என்பார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் என்னோடு கடைக்கு வரத் தொடங்கினார்.

கடையில் அவர் பார்த்ததெல்லாம் மான்களின் வாயைத்தான். ஒரு பெட்டை மான் பிளாஸ்டிக் சொப்பிங் பை ஒன்றைத் தின்றுகொண்டு நிற்க, ஓடிப்போய் அதன் வாய்க்குள் கையை விட்டு இழுத்தார். நீளமாக, எச்சிலோடு வந்தது. பழம் கட்டிக் கொடுத்த பை. அக்காவிடம் நேரே வந்தார்.

"அக்கா, இனி பையில குடுக்காதேங்கோ."

"சனம் பையிலதானே கேக்குது தம்பி."

"இதுகளின்ர வயித்துக்குள்ள போகுது. வெட்டிப் பார்த்தா கட்டியா இருக்குமாம். அதிலதான் சாகுதுகள்."

"நூற்றுக்கணக்கில திரியுதுகள். சாகிறதா தெரியேல்லையே!"

"எண்ணினீங்களோ?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் வெற்றிலையைப் பார்த்தேன்.

"அங்க ஒறிக்ஸையும் அப்பிடித்தான் நினைச்சவையாம்," என்றார் இவர். "சாட் நாட்டு ஆள் ஒருவர் எங்களோட வேலை செய்தவர். தன்ர தகப்பன் காலத்தில ஒரு கூட்டம் கடந்து முடியும்வரைக்கும் ஒட்டகத்தை நிப்பாட்டி வைச்சிருக்கவேணுமாம். அவர் பிறந்தாப் பிறகு ஒண்டைக்கூடக் காணேல்லை. இருக்கு, இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தவையாம்."

அக்கா பழத்தை அடுக்கப் போனா. அடுத்த கிழமை பழைய பத்திரிகைக் கட்டு ஒன்று கடைக்கு வந்தது. "உன்ர மனுசன்ர தொல்லை தாங்கேலாமல்," என்று சொல்லிச் சொல்லிப் பழத்தைச் சுற்றினா. பக்கத்துக் கடைகள் பையிலேயே கொடுத்தன.

சாட்டில் இருந்து ஒரு காணொளி வந்தது. மழை பெய்து புல் எழும்பியிருந்தது. அடைத்து வைத்திருந்த பெரிய பட்டியின் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒறிக்ஸ் எல்லாம் கழுத்தில் இடம் காட்டுகிற வாரோடு வாசலில் வந்து நிற்கின்றன. வெளியே போகவில்லை. வெறுமையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பிறகு ஒன்று ஒரு காலை வைத்தது. மற்றவை பின்னால் போயின. இவர் அதைப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார், படுத்துக்கொண்டு பார்த்தார். நான் கதைக்கும்போது "ம்" என்றுகொண்டு பார்த்தார்.

ஒரு பின்னேரம் முற்றத்தில் நின்று அரபியில் கதைக்கிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த அரபிச் சொல் ஒன்றே ஒன்றுதான். "லா" என்றால் இல்லை. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே வந்தபோது முகம் கடல் வற்றின கரை மாதிரி இருந்தது.

"ஆர்?"

"பழைய சூப்பவைசர்."

"என்னவாம்?"

"சாட்டுக்கு அடக்ஸ் கொண்டுபோகினமாம். பட்டிக்குள்ள வைச்சுப் பாத்து, மழைக்குத் திறந்துவிட ஆள் வேணுமாம். நான் ஏலாதெண்டிட்டன்."

நான் சந்தோசப்படவேண்டும். வருடக்கணக்காக இதைத்தானே கேட்டேன். அடுப்படிக்குப் போனேன், புட்டு அவித்தேன், அவர் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். அவர் அதைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மூன்று நாள் அப்படி. எனக்குத் தாங்க முடியவில்லை. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நான் என்ன வேலியே?" என்று கத்தினேன். "போறதெண்டா போங்கோ! அதைவிட்டிட்டு மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்காதேங்கோ!"

"நான் போகக் கேட்டனானே?"

"கேக்கேல்லை. கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு மழைக்காலம் மட்டும்தான்," என்றார்.

"அதையும் கேக்காமலே சொல்லுறியள்."

அவர் சாட்டுக்குப் போன பிறகு என் வாயை நானே நொந்துகொண்டேன். வளைகுடா எனக்குப் பழகின பயம். சாட் புதுப் பயம். அங்கே கடல் இல்லை, எந்தப் பக்கமும் இல்லை என்று மகள் தேசப்படத்தில் காட்டினாள். நான் கடல் இல்லாத இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. எந்தப் பக்கத்தால் தப்பி ஓடுவது? பாம்பு, காய்ச்சல், துவக்கு, தண்ணீர் இல்லாமல் போவது என்று ஒவ்வொன்றாக நினைத்து முடித்து மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். அக்கா சொன்னா: "அடியே, அந்த அடக்ஸ் தண்ணி குடிக்காமலே நிக்குமாம், செடியில இருக்கிற ஈரம் காணுமாம். நீ ஒரு துண்டுக் காணொளி இல்லாமல் ஒருநாள் நிக்க மாட்டாய்." முகாமில் மட்டும்தான் இணையம் உண்டு. சில நாள் வரும், சில நாள் வராது. வரும்போது அடக்ஸைக் காட்டுவார். முறுக்கின கொம்புகள் வேலிக்குள் ஆடி ஆடிப் போகும். அவருடைய கை மட்டும் இடைக்கிடை தெரியும். அந்தக் கையைப் பார்ப்பேன்.

மழை தொடங்கிவிட்டது என்றார். கதவைத் திறந்துவிட்டோம் என்றார். பிறகு பல நாள் ஒன்றும் வரவில்லை.

நடை சாத்தின ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். திரை முழுக்கப் புல். மஞ்சளும் பச்சையுமாக, வானம் தொடுகிறவரைக்கும் புல். காற்று இரைந்தது.

"எங்க நிண்டு காட்டுறியள்?"

"முகாமில தண்ணித் தாங்கிக்கு மேல ஏறி நிக்கிறன்."

"ஐயோ, இறங்குங்கோ!"

"பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். பார்."

பார்த்தேன். தொலைபேசி மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. ஒன்றும் இல்லை.

"எங்க அதுகள்? ஒண்டும் தெரியேல்லையே."

"அதைத்தான் காட்டுறன். எல்லாம் போயிட்டுதுகள். கடைசி ரெண்டு வாசலுக்குள்ளேயே நிண்டதுகள். இண்டைக்கு விடிய அதுகளும் இல்லை."

"கவலையோ?"

"முந்தநாள் ஒண்டைத் தூரத்தில கண்டனான். கையால புல்லு வாங்கித் திண்டது. என்னைக் கண்டிட்டு ஓடிட்டுது."

"நல்லா ஓடினதோ?"

"நல்லா ஓடினது," என்றார். "அப்பிடித்தான் ஓடவேணும்."

ஆறுதல் சொல்ல எனக்கு ஒருநாளும் வராது.

"அப்ப வாங்கோவன்," என்றேன்.

காற்று இரைந்தது. அவர் தன் முகத்துக்குத் திருப்புவார் என்று பார்த்தேன். திருப்பவில்லை.

"ஓம். சாமான் லொறி போகேக்க நானும் வெளிக்கிடுறன்," என்றார். "கொஞ்சம் பொறு. இன்னும் கொஞ்சம் பாப்பம்."

சரி என்றேன். அவர் அங்கே தாங்கி மேலும் நான் இங்கே மர நிழலிலும் இருந்து அந்தப் புல்லைப் பார்த்தோம். எங்கேயாவது ஒரு கொம்பு நுனி தெரிந்துவிடாதா என்று நானும்தான் தேடினேன்.